வாலைத் தூக்கினால் கூரை இடிக்குமா? கேரவனுக்கு ஏர் பெல்லோஸ் வேண்டுமா, வேண்டாமா?

பாலக்கோட்டுக்காரன்: பழைய டெம்போ டிராவலரைக் கேரவனாக மாற்றியிருக்கிறேன். பின் அச்சுக்குப் பின்னால் 200 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, கூரையின் கடைசியில் ஏசி. தொட்டி நிரம்பினால் வண்டி பின்னால் உட்கார்ந்து, வேகத்தடையில் பம்பர் உரசுகிறது. ஸ்பிரிங் பட்டையோடு சேர்த்து ஏர் பெல்லோஸ் (காற்றடைத்து வண்டியைத் தூக்கும் ரப்பர் பைகள்) போடச் சொல்கிறார் மெக்கானிக். ஆனால் வீட்டுக்குப் போகும் வழியில் ரயில்வே கீழ்ப்பாலம் இருக்கிறது. உயரக் கம்பியில் 3 மீட்டர் என்று எழுதியிருக்கிறது. என் வண்டி ஏசியோடு 2.92. என்ன செய்யலாம்?

ஓசூர் டீசல்: கண்ணை மூடிக்கொண்டு போடுங்கள். பின்பக்கம் தாழ்ந்தால் ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும், முன் சக்கரமும் லேசாகிவிடும். அப்படியே தொப்பூர் கணவாயில் இறங்கப் போகிறீர்களா?

தகடூரான்: கண்ணை மூடினால் ஏசி போய்விடும் அண்ணா. அச்சுக்கு அச்சு 4 மீட்டர், பின்னால் நீட்டிக்கொண்டிருப்பது 2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பின் அச்சின் மேல் 5 சென்டிமீட்டர் தூக்கினால் வால் நுனி ஏழரை ஏறும். 2.92 என்பது 2.995 ஆகிவிடும். மிச்சம் அரை சென்டிமீட்டர்! இன்னொன்று: பெல்லோஸ் உடம்பைத்தான் தூக்கும். பின் அச்சின் நடுவில் இருக்கும் பல்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியல் இருக்கும் உயரம் டயரைப் பொறுத்தது, அது ஏறாது.

ஓசூர் டீசல்: பாலம் வந்தால் காற்றைக் குறைத்தால் ஆயிற்று. இதற்கா இவ்வளவு கணக்கு!

தகடூரான்: ராத்திரி பதினொரு மணிக்கு, மழையில், பசங்க தூங்கும்போது ஞாபகம் வருமா? முழுக் காற்றையும் இறக்கி ஓட்டினால் பை நசுங்கிக் கிழியும். பாலத்தடிப் பள்ளத்தில் நீள வண்டிக்கு இடைவெளி இன்னும் குறையும், அதையும் சேருங்கள்.

பாடி கட்டுகிறவன்: தம்பி, கடைசியாகச் சொன்னது பாதிதான் சரி. பள்ளத்தில் இரண்டு அச்சுக்கும் நடுவில் இருக்கும் கூரைதான் பாலத்தை நெருங்கும். வால் தரையை நோக்கித் தாழும். இவருக்கு ஏசி வாலில், அதனால் பள்ளத்தில் ஏசி தப்பிக்கும், பம்பர்தான் உரசும். ஆனால் உயரக் கம்பி பள்ளத்துக்கு முன்னால் சமதரையில் நிற்கிறதே, முதலில் அதைத் தாண்ட வேண்டும்.

ஓசூர் அண்ணன் சொன்னதிலும் ஒரு ஓட்டை. பெல்லோஸ் வண்டியை நிமிர்த்தும், ஹெட்லைட் சரியாகும். ஆனால் எடை இருக்கிற இடத்திலேயே இருக்கும், முன் சக்கரம் அப்போதும் லேசுதான். தொட்டியைப் பின் அச்சுக்கு முன்னால் நகர்த்துங்கள். அப்புறமும் தாழ்ந்தால் பெல்லோஸ் போடலாம். போட்டால் இரண்டு பைக்கும் தனித்தனிக் குழாய். ஒரே குழாயில் இணைத்தால், பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் இறங்கும் வளைவுகளில் அமுங்குகிற பையின் காற்று மறுபக்கம் ஓடி, வண்டி இன்னும் சாயும்.

ஓசூர் டீசல்: தொட்டியை நகர்த்தக் கட்டிலைப் பிரிக்க வேண்டும். செலவை யார் தருவது?

பாடி கட்டுகிறவன்: புது ஏசி விலையையும் விசாரித்துப் பாருங்கள் சார்.

தகடூரான்: பாலக்கோட்டுக்காரரே, 2.92 அளந்தபோது தொட்டி நிரம்பியிருந்ததா, காலியா?

பாலக்கோட்டுக்காரன்: நிரம்பியிருந்தது. இப்போது காலி செய்து மறுபடி டேப் பிடித்தேன். 2.95! ஒகேனக்கல்லிலிருந்து காலித் தொட்டியோடு திரும்பும்போதுதான் ஆபத்து போலிருக்கிறது. கட்டிலைப் பிரிக்க ஆள் பேசிவிட்டேன். அதுவரை சுற்றுவழி.