ரெப்போ கடன் வட்டி ஏறினால்? எஃப்ஆர்ஏவா, ஃபியூச்சர்ஸா?

ஆத்தூர்_சேகோ:
வணக்கம். ஆத்தூர் பக்கம் எங்களுக்கு சேகோ (ஜவ்வரிசி) ஆலை. புது டிரையருக்கும், கழிவுநீரிலிருந்து எரிவாயு எடுக்கும் பிளாண்டுக்குமாக எட்டுக் கோடி டெர்ம் லோன் வாங்கியிருக்கிறோம். ரெப்போவோடு (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டி) இணைந்த வட்டி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறும். 2022 மே மாதம் 4 சதவீதத்தில் இருந்த ரெப்போ 2023 பிப்ரவரிக்குள் 6.50க்குப் போனதை அப்பா இன்னும் மறக்கவில்லை. எட்டுக் கோடிக்கு இரண்டரை சதவீதம் என்றால் வருஷத்துக்கு இருபது லட்சம். 2025 டிசம்பரில் 5.25க்கு இறங்கியதில் கொஞ்சம் மூச்சு வந்தது, ஆனால் மறுபடி ஏறாது என்று யார் சொல்ல முடியும்? கிழங்கு பாயிண்ட் (மாவுச்சத்து அளவு) என்ன விலைக்குப் போகும் என்றே தெரியாமல் தொழில் நடத்துகிறோம், வட்டியாவது ஓர் இடத்தில் நிற்கட்டும் என்று பார்க்கிறேன்.

புரோக்கர் ஒருவர், என்எஸ்இயில் பத்து வருஷ அரசுப் பத்திர ஃபியூச்சர்ஸ் (பின்னொரு தேதிக்கு இன்றே விலை பேசும் சந்தை ஒப்பந்தம்) 400 லாட் வாங்கிப் போடுங்கள், ஒரு லாட் இரண்டு லட்சம், எட்டுக் கோடிக்கு நேராகிவிடும் என்கிறார். வங்கியில் இருக்கும் மச்சான் எஃப்ஆர்ஏ (வரப்போகும் ஒரு காலத்துக்கான வட்டியை வங்கியோடு இன்றே பூட்டும் ஒப்பந்தம்) கேட்டுப் பார் என்கிறான். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய_ட்ரெஷரி:
தம்பி, முதலில் அந்த 400 லாட்டைத் தொடாதீர்கள். வாங்கச் சொன்னதே தலைகீழ். வட்டி ஏறினால் பத்திர விலை இறங்கும், அதனால் வட்டி ஏற்றத்துக்குப் பயப்படுகிறவர் ஃபியூச்சர்ஸை விற்க வேண்டும். வாங்கி வைத்தால் கடன் வட்டியும் ஏறும், ஃபியூச்சர்ஸிலும் நஷ்டம் வரும், இரண்டு பக்கமும் அடி.

அடுத்து எண்ணிக்கை. வட்டி 0.01 சதவீதம் நகர்ந்தால் எட்டுக் கோடிக்கு ஒரு காலாண்டில் உங்களுக்குக் கூடும் செலவு 2,000 ரூபாய். பத்து வருஷப் பத்திரத்தில் அதே 0.01க்கு ஒரு லாட்டின் விலை ஏறத்தாழ 140 ரூபாய் ஆடும், ஏனென்றால் அதற்குள் பத்து வருஷ வட்டி அடங்கியிருக்கிறது. 2,000ஐ 140ஆல் வகுங்கள், பதினான்கு லாட். ஒரு வருஷம் முழுக்கக் காப்பு வேண்டுமென்றாலும் 57தான். 400 லாட் என்பது காப்பே இல்லை, சூதாட்டம். சந்தை உங்களுக்கு எதிராக 0.20 நகர்ந்தால் பதினோரு லட்சம் போய்விடும். (91 நாளில் முதிரும் அரசுக் கடன் பத்திரமான டிரெஷரி பில்லின் ஃபியூச்சர்ஸுக்கு 400 சரியான எண், அங்கே ஒரு லாட் 5 ரூபாய்தான் ஆடும். ஆனால் அதில் எதிர்ப்பக்கம் ஆள் கிடைப்பது குதிரைக் கொம்பு.)

எஃப்ஆர்ஏ உங்கள் கடனுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. தொகை, தேதி, காலம் எல்லாம் நாம் சொல்வதுதான். மூன்றுக்கு ஆறு என்று ஒன்றை வாங்குகிறீர்கள் என்று வையுங்கள், அதாவது மூன்று மாதம் கழித்துத் தொடங்கி ஆறாவது மாதம் முடியும் காலாண்டுக்கு வட்டியை 5.50 என்று இன்றே பூட்டுகிறீர்கள். அந்த நாளில் அடிப்படை வட்டி 6.25 ஆகிவிட்டால் வித்தியாசம் 0.75, எட்டுக் கோடிக்கு 91 நாளுக்கு 1,49,589 ரூபாய். இதைக் காலாண்டின் தொடக்கத்திலேயே கொடுத்துவிடுவார்கள், அதனால் அந்த மூன்று மாத வட்டியைக் கழித்துக்கொண்டு சுமார் 1,47,300 கைக்கு வரும். வட்டி 5க்கு இறங்கியிருந்தால் இதே மாதிரி நீங்கள் வங்கிக்குக் கொடுக்க வேண்டும். அசல் கைமாறுவதே இல்லை.

ஐந்துரோடு_ஆடிட்டர்:
ட்ரெஷரி சார் சொன்ன கணக்கு அத்தனையும் சரி. ஆனால் சேலத்தில் ஒரு கிளைக்குப் போய் எஃப்ஆர்ஏ வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள், மேனேஜர் காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பிவைப்பார். ரிசர்வ் வங்கி 1999லேயே அனுமதி கொடுத்துவிட்டது, காப்புக்காக என்றால் சின்ன வாடிக்கையாளருக்கும் தரலாம் என்று 2019 வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. இருந்தாலும் எட்டுக் கோடிக்காகத் தனி ஒப்பந்தம், தனி லிமிட், மும்பை டெஸ்க்கில் விலை என்று வங்கி மெனக்கெடாது. மெனக்கெட்டாலும் அந்த உழைப்புக்கான காசு உங்கள் ரேட்டில்தான் ஏறும்.

இன்னொன்று, ஒரு எஃப்ஆர்ஏ ஒரு காலாண்டைத்தான் மூடும். ஐந்து வருஷக் கடனுக்கு அடுக்கடுக்காக வாங்க வேண்டும், அப்படி அடுக்கினால் அது ஸ்வாப், அதாவது மாறும் வட்டிக்குப் பதில் நிலையான வட்டி கட்டும் ஒப்பந்தம். அதற்கு இங்கே ஓடுகிற சந்தை ஓஐஎஸ் என்ற ஸ்வாப்தான், அதுவும் மைபாரை (வங்கிகள் தங்களுக்குள் ஓர் இரவுக்குக் கொடுக்கும் கடனின் வட்டி) வைத்து, ரெப்போவை வைத்து இல்லை. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் போகும், ஒட்டியே போகாது.

ஆத்தூர்_சேகோ:
சரிங்க, அப்படியென்றால் ட்ரெஷரி அண்ணன் சொன்ன 57 லாட்டை விற்றுவிட்டால் போதாதா? 2022ல் அப்படிச் செய்திருந்தால் அந்த இருபது லட்சம் தப்பியிருக்குமா?

பழைய_ட்ரெஷரி:
தப்பியிருக்காது. 2022 மே தொடக்கத்தில், ரெப்போ ஏறுவதற்கு முன்பே, பத்து வருஷப் பத்திர வட்டி 7.1 பக்கம் போய்விட்டது, ஏறப்போவதை முன்கூட்டியே விலையில் வைத்துவிட்டார்கள். நடுவில் 7.5ஐத் தாண்டியது உண்டு, ஆனால் ரெப்போ இரண்டரை சதவீதம் ஏறி முடித்த பிப்ரவரியில் மறுபடி 7.3 சொச்சம். அந்த 0.2க்கு 57 லாட்டில் கிடைப்பது ஒன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். நீங்கள் கட்டுவது குறுகிய கால வட்டி, விற்பது நீண்ட கால வட்டி. புரோக்கர்கள் இதைச் சொல்லவே மாட்டார்கள்.

ஐந்துரோடு_ஆடிட்டர்:
மார்ஜினையும் (புரோக்கரிடம் கட்டி வைக்கும் ஈட்டுப் பணம்) யோசியுங்கள். ஃபியூச்சர்ஸில் தினமும் சாயங்காலம் லாப நஷ்டம் ரொக்கமாகத் தீர்க்கப்படும். வட்டி இறங்கினால் கடனில் மிச்சம் காலாண்டு முழுக்கச் சொட்டுச் சொட்டாக வரும், ஃபியூச்சர்ஸ் நஷ்டத்தை மறுநாள் காலையிலேயே கட்டியாக வேண்டும். கிழங்கு வரத்து முட்டி மோதும் நேரத்தில், சேகோசர்வில் (ஜவ்வரிசி விற்கும் கூட்டுறவுச் சங்கம்) மூட்டை போய்ப் பணம் வருவதற்குள், புரோக்கர் போன் செய்து மூன்று லட்சம் கேட்டால் எங்கே போவீர்கள்? கட்டாவிட்டால் அவரே பொசிஷனை மூடிவிடுவார், காப்பும் போச்சு.

ஏற்காடு_காப்பி:
எஸ்டேட்டிலிருந்து காப்பி ஏற்றுமதி செய்கிறோம், டாலரில் பேக்கிங் கிரெடிட் (சரக்கு அனுப்புவதற்கு முன் தரும் ஏற்றுமதிக் கடன்), வட்டி எஸ்ஓஎஃப்ஆர் (டாலரின் ஓர் இரவு வட்டி) மேல். சிகாகோவில் அதற்கே மூன்று மாத ஃபியூச்சர்ஸ் இருக்கிறது, 0.01க்கு 25 டாலர், குறுகிய கால வட்டிக்கு அச்சாகப் பொருந்தும். இங்கிருந்து மார்ஜின் கட்டி அதில் இறங்க நமக்கு வழியில்லை. எங்கள் கடன் ஆறு மாதத்தில் அடைந்துவிடும் என்பதால் நான் எதுவும் செய்வதில்லை, டாலர் ஃபார்வர்டோடு (டாலர் விலையை வங்கியில் முன்கூட்டியே பூட்டுவது) சரி.

ஐந்துரோடு_ஆடிட்டர்:
சேகோ தம்பி, நானாக இருந்தால் இரண்டு வேலை செய்வேன். ரெப்போவுக்கு மேல் வங்கி வைத்திருக்கும் ஸ்ப்ரெட் எவ்வளவு என்று சாங்ஷன் லெட்டரில் பார்த்து, ரேட்டிங் நன்றாக இருந்தால் அதைக் குறைக்கச் சொல்லிச் சண்டை போடுவேன். அரை சதவீதம் குறைந்தாலும் வருஷத்துக்கு நான்கு லட்சம், மார்ஜினும் இல்லை. அப்புறம் கடனில் பாதியை நிலையான வட்டிக்கு மாற்றித் தருவார்களா, என்ன கட்டணம் என்று எழுத்தில் கேட்பேன். முழுவதையும் மாற்ற வேண்டாம். 2023ல் 6.50ஐ வைத்து முழுக்கப் பூட்டியவர்கள் 2025ல் ஒன்றேகால் சதவீத இறக்கத்தைப் பார்த்துக்கொண்டு மட்டுமே இருந்தார்கள்.

ஆத்தூர்_சேகோ:
சாங்ஷன் லெட்டரை இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன், ஸ்ப்ரெட் 3.60 என்று போட்டிருக்கிறது. இது அதிகமா?

ஐந்துரோடு_ஆடிட்டர்:
சொத்து அடமானம் இருக்கும் கடனுக்கு அதிகம்தான். இன்னொரு வங்கியில் எழுத்தில் ஒரு ஆஃபர் வாங்கிக்கொண்டு போய் உட்காருங்கள்.