ஸ்லைடு போட்டு நடத்தினால் பிள்ளைகள் கவனிப்பதில்லையே, என்ன செய்வது?

கேள்வி (அறிவியல் ஆசிரியை, பத்தாம் வகுப்பு):
வணக்கம். இதயத்தில் இரத்தம் சுற்றிவரும் முறையை நடத்துவதற்காக 22 ஸ்லைடுகள் தயாரித்து, பாடப்புத்தக வரிகளையே பெரும்பாலும் அவற்றில் கொடுத்திருந்தேன். நான் விளக்கிய 40 நிமிடமும் பிள்ளைகள் திரையைப் பார்ப்பதும் நோட்டில் எழுதுவதுமாகவே இருந்தார்கள். மறுநாள் நுரையீரல் தமனியில் ஓடுவது எவ்வகை இரத்தம் என்று கேட்டபோது, "தமனி என்றால் ஆக்ஸிஜன் மிகுந்த இரத்தம்தான் டீச்சர்" என்று வகுப்பே ஒரே குரலில் சொன்னது. கரும்பலகையில் நடத்திய ஆண்டுகளில் இத்தனை பேர் இப்படித் தவறியதில்லை. ஸ்லைடையே விட்டுவிடலாமா?

பதில் 1:
ஸ்லைடை விட வேண்டாம் அம்மா, அதிலுள்ள வரிகளை விட்டால் போதும். திரையில் கண் படிக்கும் சொற்களையே காதும் கேட்க நேர்ந்தால் மனம் இரண்டுக்கும் நடுவே அலைகிறது. படத்தைக் கண்ணுக்கும் விளக்கத்தைக் காதுக்கும் பிரித்துக் கொடுத்தால் கற்றல் மேம்படுகிறது என்பதை அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் மேயர் பல சோதனைகளில் காட்டியிருக்கிறார். போதாக்குறைக்கு உங்கள் பிள்ளைகள் எழுதவும் வேண்டியிருந்தது.

பதில் 2:
நானும் இதே பாடத்தை நடத்துகிறேன். ஒரே இதயப் படத்தைத்தான் பயன்படுத்துவேன். முதலில் வெறும் கோட்டுப்படம். அடுத்த சொடுக்கில், ஆக்ஸிஜன் குறைந்த இரத்தத்தைக் குறிக்க, பெருஞ்சிரைகளிலிருந்து வலது ஆரிக்கிளுக்கு (மேலறைக்கு) ஒரு நீல அம்பு. அதற்கடுத்து மூவிதழ் வால்வைக் கடந்து வலது வெண்ட்ரிக்கிள் (கீழறை). அங்கே நிறுத்தி, விசைப்பலகையில் 'பி' (B) விசையை அழுத்தித் திரையைக் கறுப்பாக்கிவிட்டு, "இந்த இரத்தம் இனி எங்கே போக வேண்டும், ஏன்?" என்று கேட்பேன். முதலில் அமைதியாகத்தான் இருப்பார்கள். அவசரப்படாமல் காத்திருக்க வேண்டும். நுரையீரலுக்கு என்று யாராவது சொன்ன பிறகு திரையைத் திறந்து, நுரையீரல் தமனியையும் நீலத்திலேயே காட்டினால், இதயத்திலிருந்து வெளியே கொண்டுசெல்வதால்தான் அதற்குத் தமனி என்று பெயர், இரத்தத்தின் வகையால் அன்று என்பது அவர்களுக்கே விளங்கிவிடும். நீலம் ஓர் அடையாளம் மட்டுமே, ஆக்ஸிஜன் குறைந்த இரத்தமும் கருஞ்சிவப்புதான் என்பதையும் மறவாமல் சொல்லிவிடுங்கள்.

பதில் 3:
நோட்டில் எழுதுவதைக் கடைசிப் பத்து நிமிடத்துக்குத் தள்ளி வையுங்கள். திரையை அணைத்துவிட்டு, படத்தை நினைவிலிருந்து வரைந்து அம்புக்குறி இடச் சொன்னால், யாருக்கு எந்த இடத்தில் குழப்பம் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. 22 ஸ்லைடுகளையும் ஒரே படமாகச் சுருக்கிவிட்டேன். நாளை இன்னொரு பிரிவுக்கு இதே பாடம் இருக்கிறது. வலது வெண்ட்ரிக்கிளில் நிறுத்திக் கேட்டுப் பார்க்கிறேன்.