சிகாகோ பக்கம் இருப்பவர்கள் யாராவது உதவ முடியுமா?

வணக்கம் நண்பர்களே. அமெரிக்கக் கால்பந்தின் ஆரம்பகாலக் கல்லூரிப் பயிற்சியாளர் அமோஸ் அலோன்சோ ஸ்டாக் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். (நம்மூர் ஃபுட்பால் இல்லை, முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்களே, அது.)

யேல் பல்கலைக்கழகத்துக்குப் பாதிரியார் ஆகும் எண்ணத்தோடு போனவர். அங்கே இவருக்குப் பாடம் எடுத்த வில்லியம் ஹார்ப்பர், புதிதாகத் தொடங்கிய சிகாகோ பல்கலைக்கழகத்தின் தலைவரானதும் 1892-ல் இவரை அழைத்துக்கொண்டார். வெறும் கோச் வேலை இல்லை, இணைப் பேராசிரியர் பதவியோடு! அந்தக் காலத்தில் இது பெரிய விஷயம். நாற்பது வருடம் கழித்து, வயது எழுபதாகிவிட்டது, ஓய்வு பெறுங்கள் என்றார்கள். மனுஷன் வீட்டில் உட்காரவில்லை. கலிபோர்னியா போய் பசிபிக் கல்லூரி அணியைக் கையில் எடுத்தார். 1943-ல், 81 வயதில், ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் விருது. 1965-ல் இறக்கும்போது வயது 102.

சிகாகோவில் இவர் பெயரில் இருந்த மைதானத்தின் பார்வையாளர் மாடத்துக்கு அடியில்தான் 1942 டிசம்பர் 2 அன்று இயற்பியலாளர் என்ரிக்கோ ஃபெர்மி குழுவின் அணு உலை, உலகிலேயே மனிதன் கட்டிய முதல் அணு உலை, இயங்கியது. இப்போது அந்த இடத்தில் ரீகன்ஸ்டைன் நூலகம். ஸ்டாக்கின் கடிதங்களும் குறிப்புகளும் அங்கேயே இருக்கின்றன.

எனக்கு வேண்டியது 1932, 33 கடிதங்கள் மட்டும். வெளியாட்கள் பார்க்க என்ன நடைமுறை? நகல் எடுத்து அனுப்புவார்களா, கட்டணம் எவ்வளவு? அப்புறம், நூலகத்துக்குப் பக்கத்தில், அந்த அணு உலையின் நினைவாகச் சிற்பி ஹென்றி மூர் செய்த சிற்பத்தை யாராவது படம் எடுத்துத் தந்தால் கட்டுரையில் உங்கள் பெயரோடு போடுகிறேன்.