கோடோ 4: காக்கா செத்தா நாயோட ஸ்கிரிப்ட் நின்னுடுது

மாடிவீட்டுக்காரன்:
வணக்கம் மக்களே. சின்ன வயசுல திருவல்லிக்கேணி வீட்டு மொட்டை மாடியில பாட்டி வடகம் காயப்போட்டுட்டு, குடையைக் கையில கொடுத்து எங்களைக் காவலுக்கு உட்கார வச்சுடுவாங்க. அதைத்தான் கோடோ 4-ங்கிற கேம் இன்ஜின்ல கேமா பண்றேன். காக்கா வரும், கல்லால அடிக்கணும். மூணு அடி பட்டா காலி. மணின்னு ஒரு நாயும் உண்டு, கிட்ட இருக்கிற காக்காவைத் துரத்திப் பிடிக்கும்.

ஏழெட்டு காக்கா சேர்ந்ததும் பாதி ஆட்டத்துல ஸ்கிரிப்ட் நின்னுடுது. 'ப்ரீவியஸ்லி ஃப்ரீட்'னு, அதாவது ஏற்கெனவே அழிச்சதைத் தொடுறேன்னு, சிவப்புல எரர். காட்டுறது மணியோட ஸ்கிரிப்ட்ல, இலக்கோட பொசிஷனைப் படிக்கிற வரி. அந்த ஃபைலை நான் மூணு வாரமா தொடவே இல்லை! செத்த காக்காவை உடனே அழிக்கிற ஃப்ரீ-யை எடுத்துட்டு க்யூ_ஃப்ரீ போட்டேன். குறைஞ்ச மாதிரி இருந்துது, போகலை. அதோட புதுக் கூத்து, ஒரே காக்காவுக்கு ரெண்டு தடவை பாயின்ட் ஏறுது. நேத்து பறக்கும் ரயில்ல வேளச்சேரி வர்ற வரைக்கும் பிரின்ட் போட்டுப் பார்த்தேன், பிடிபடலை.

பழையகோடு:
ஒண்ணு மட்டும் பார்த்துச் சொல்லுங்க தம்பி. எரர் வர்றப்போ கடைசியா செத்த காக்காவை முடிச்சது யாரு, மணியா, கல்லா?

மாடிவீட்டுக்காரன்:
இப்பதான் பத்து தடவை ஆடிப் பார்த்தேன் அண்ணா. பத்தும் கல்லுதான்!

பழையகோடு:
அப்போ முடிஞ்சது. மணியே பிடிச்சா, பிடிச்ச கையோட இலக்கைக் காலி பண்ணிடுறான். கல் அடிச்சா அவனுக்கு யாரும் சொல்றதில்லை. காலி பண்ணிட்டுப் போனவங்க வீட்டுக் கதவைத் தட்டிட்டு நிக்கிறான். க்யூ_ஃப்ரீ அந்த ஃப்ரேம் முடியுற வரைக்கும்தான் தள்ளிப்போடும், அடுத்த ஃப்ரேம்ல அதே கதைதான். குறைஞ்சதா தோணினது உங்க மனப்பிராந்தி. இலக்கைத் தொடுறதுக்கு முன்னாடி, அது இன்னும் இருக்கான்னு இஸ்_இன்ஸ்டன்ஸ்_வேலிட் போட்டுக் கேளுங்க.

ரெண்டு பாயின்ட் வர்றதும் இதனாலதான். ஃப்ரேம் முடியுற வரைக்கும் காக்கா உயிரோடதான் இருக்கு, ரெண்டாவது கல்லும் அதுமேல படுது. அடி வாங்குற ஃபங்ஷன்ல முதல் வரியா, காக்கா அழிய வரிசையில நிக்குதான்னு இஸ்_க்யூட்_ஃபார்_டெலிஷன் பார்த்துட்டு ரிட்டர்ன் பண்ணிடுங்க.

ராத்திரிஷிஃப்ட்:
பாயின்ட் விஷயம் சரி. ஆனா எல்லா இடத்துலயும் வேலிட்டா வேலிட்டான்னு கேட்டுட்டே இருந்தா, நாளைக்கு நிஜமான பக் வந்தாலும் சத்தமே இல்லாம போயிடும். நான்னா காக்காவோட ட்ரீ_எக்ஸிட்டிங் சிக்னலை மணிக்குக் கனெக்ட் பண்ணிடுவேன். காக்கா போறப்போ அதுவே சொல்லிட்டுப் போகட்டும். இலக்கு மாறுறப்போ மட்டும் பழைய கனெக்ஷனைக் கழட்ட மறந்துடாதீங்க. இல்லைன்னா எங்கயோ சாகுற பழைய காக்கா புது இலக்கை அழிச்சுடும். இதுல நான் ஒரு ஞாயிற்றுக்கிழமையே தொலைச்சிருக்கேன்.

அப்புறம், காக்கா லிஸ்ட்டை ஃபார் லூப்ல சுத்திட்டே அதுலேர்ந்து எரேஸ் பண்றீங்களா? பண்ணினா நடுவுல ஒண்ணு விட்டுப்போகும். கடைசி இன்டெக்ஸ்லேர்ந்து பின்னாடி வாங்க.

மாடிவீட்டுக்காரன்:
எரேஸ், ஆமாம், அதேதான் பண்ணிட்டிருந்தேன் ப்ரோ. மாத்திட்டேன். சிக்னலும் போட்டாச்சு, கனெக்ஷனைக் கழட்டவும் செஞ்சேன். நாற்பது காக்காவை விட்டு அரை மணி நேரம் ஆடினேன், எங்கயும் நிக்கலை. பாயின்ட்டும் சரியா ஏறுது.

ஒண்ணு மட்டும் மிச்சம். இலக்கு போனதும் மணி காக்கா செத்த இடத்துக்கே ஓடி, அங்க நின்னு வாலை ஆட்டுறான். கடைசி பொசிஷன் எங்கயோ தங்கியிருக்கு போல. பக்தான். ஆனா நான் அதைத் தொடப்போறதில்லை.