புதுப்பிப்பு: பாட்டியும் பேத்தியும் போடும் கோல நோட்டு

அம்மாவின் பழைய கோல நோட்டைப் பூச்சி அரித்துவிட்டது, அவரும் என் மகளும் புது நோட்டில் வரைகிறார்கள், ஒரு தாமரைக் கோலத்தில் மட்டும் இதழ்கள் சேரவே மாட்டேன் என்கின்றன என்று போன மாதம் புலம்பியிருந்தேன். விடை கிடைத்துவிட்டது. பழைய நோட்டில் '15, 8 வரை' என்று மட்டும்தான் இருக்கிறது. அது இடைப்புள்ளி, அதாவது ஒரு வரிசையின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே அடுத்த வரிசைப் புள்ளி வரும் என்று அம்மாவுக்குத் தெரியும், ஒன்பது வயதுக்காரிக்கு? நேர்ப்புள்ளியாக, ஒன்றுக்கு நேர் கீழே ஒன்றாக வைத்துவிட்டாள். நடுவரிசையில் 15, மேலும் கீழும் ஒவ்வொன்றாகக் குறைத்து 8இல் நிறுத்தினால் மொத்தம் 169 புள்ளி. எண்ணிச் சரிபார்த்ததும் அவள்தான். இப்போது ஒவ்வொரு கோலத்துக்கும் பக்கத்தில் 'நேர்', 'இடை' என்று கொட்டை எழுத்தில் எழுதி வைக்கிறாள். அப்புறம், காவிக்குப் பதில் ஊதா ஸ்கெட்ச் தீட்டியதில் பாட்டிக்கு இன்னும் கோபம்.