அவசரம்: தனித்தொட்டியில் விட்ட பிறகும் மீன் சாகிறது

ஈரக்கை:
வணக்கம். மீன்களுக்கு வெள்ளைப் புள்ளி நோய் (இச்) வந்துவிட்டது. தனித்தொட்டி வைத்து மருந்தும் போட்டேன். புள்ளி குறைந்த மாதிரிதான் தெரிகிறது, ஆனால் இன்று காலை ஒன்று செத்துவிட்டது. மற்றவை காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோன் பக்கத்தில் மேலேயே நின்று வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. சீக்கிரம் யாராவது சொல்லுங்கள்.

மோல்மேன்_அக்கா:
என்ன மீன் தம்பி? எத்தனை? தொட்டி எத்தனை லிட்டர்? என்ன மருந்து?

கரண்ட்_போச்சு:
ரங்கூன்தானே? உங்கள் பக்கம் கரண்ட் எவ்வளவு நேரம் இருக்கிறது? காற்று போதாமல்தான் மேலே வருகிறது. பேட்டரி ஏர் பம்ப் இல்லாமல் தனித்தொட்டி வைக்கவே கூடாது. கரண்ட் போய்விட்டது என்றால் தண்ணீரைச் சுத்தம் செய்யும் ஸ்பான்ஜ் ஃபில்டரும் அதோடு நின்றுவிடும்.

பழந்தொட்டி:
தனித்தொட்டி என்பது நோய் வந்த பிறகு ஓடிப்போய் வைப்பதல்ல. புது மீன் வாங்கினால் முதல் 4 வாரம் அதில்தான் இருக்க வேண்டும். இதை எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன், முதலில் அதைத் தேடிப் படித்துவிட்டு வாருங்கள். சரி, சூட்டை 30 டிகிரிக்கு ஏற்றி உப்புப் போடுங்கள்.

ஈரக்கை:
மன்னிக்கவும். மீன் கேலக்ஸி ராஸ்போரா. 6 இருந்தன, இப்போது 5. தொட்டி 20 லிட்டர். மருந்து மெத்திலீன் ப்ளூ. போர் தண்ணீர். ஹீட்டர் ஏற்கெனவே 30இல். பம்ப் பேட்டரியில் ஓடுகிறது, நிற்கவில்லை.

இரட்டைவால்:
30 வேண்டவே வேண்டாம்! கேலக்ஸி நம் பர்மாவின் ஷான் மலை மீன். ஆயிரம் மீட்டர் உயரத்துக் குளிர்ந்த குட்டையில் வாழ்வது. தண்ணீர் சூடேறினால் ஆக்சிஜனும் குறையும்.

பழந்தொட்டி:
அது இன்லே ஏரி ராஸ்போரா. அங்கே பகலில் வெயில் இல்லையா?

இரட்டைவால்:
2006இல் முதலில் கண்டது ஏரியில் இல்லை ஐயா, அதற்குக் கிழக்கே ஹோபோங் பக்கத்துக் குட்டைகளில். ராஸ்போரா என்பது கடைக்காரர்கள் வைத்த பெயர். அது டானியோ இனம்.

பழந்தொட்டி:
எந்த இனமாக இருந்தாலும் இச் கிருமி ஒன்றுதான். மீனின் தோலுக்கு அடியில் இருக்கும்வரை எந்த மருந்தும் அதைத் தொடாது. அது உதிர்ந்து, பெருகி, அதன் குஞ்சுகள் நீந்தி வரும்போதுதான் சாகும். சூடு ஏறினால் அந்தச் சுற்று சீக்கிரம் முடியும். அதற்குத்தான் 30.

கரண்ட்_போச்சு:
பம்ப் ராத்திரி நின்றிருக்கும். தம்பி தூங்கியிருப்பார்.

மோல்மேன்_அக்கா:
ஐயா சொல்வது சரிதான், ஆனால் மூச்சுத் திணறுகிற மீனுக்குச் சூடு ஏற்றலாமா? தம்பி, அந்த ஸ்பான்ஜ் எங்கிருந்து எடுத்தாய்?

ஈரக்கை:
பெரிய தொட்டியில் இருந்ததுதான் அக்கா. கிருமி போகட்டும் என்று நன்றாகக் கழுவி, 2 நாள் வெயிலில் காயவைத்துப் போட்டேன்.

மோல்மேன்_அக்கா:
அதுதான் தம்பி. அதில் இருந்த நல்ல பாக்டீரியாவும் போய்விட்டது. மிச்சம் ஏதாவது இருந்திருந்தால் மெத்திலீன் ப்ளூ முடித்திருக்கும். மீன் கழிக்கிற அம்மோனியாவைத் தின்ன அங்கே ஒன்றும் இல்லை, சூட்டில் அதன் விஷமும் கூடும். நானும் இப்படி ஒரு ஜோடியைப் பறிகொடுத்தேன். உடம்பில் ஒரு புள்ளி இல்லை, செவுள் மட்டும் ரத்தமாகச் சிவந்திருந்தது. கண்ணெதிரே போனது, இன்னும் மனசு ஆறவில்லை.

இப்போதே 10 லிட்டர் மாற்று. போர் தண்ணீரைப் பிடித்த கையோடு ஊற்றாதே, வாளியில் ஒரு மணி நேரமாவது காற்று விட்டு, சூடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து மெதுவாக ஊற்று. ப்ளூவை நிறுத்திவிட்டு லிட்டருக்கு 1 கிராம் கணக்கில் அயோடின் இல்லாத உப்பைக் கரைத்து விடு. அப்புறம் தினமும் 10 லிட்டர் மாற்றும்போது அந்தப் பத்துக்கு மட்டும் 10 கிராம் சேர்த்தால் போதும். ஹீட்டரை ஒரேயடியாக அணைக்காதே, நாளுக்கு ஒன்றிரண்டு டிகிரியாக 25க்குக் கொண்டு வா. தொட்டியைச் சுற்றித் தெர்மாகோல் வை, கரண்ட் போனாலும் சட்டென்று குளிராது. இரையைப் பாதியாகக் குறை. பெரிய தொட்டியில் இன்னொரு ஸ்பான்ஜ் ஓடுகிறதா? கழுவாமல் அப்படியே எடுத்துப் போடு.

கரண்ட்_போச்சு:
அதில் இச் இருக்குமே?

மோல்மேன்_அக்கா:
இந்த மீன்களுக்கு வந்திருப்பதே அதே இச்தானே. நல்ல மீன் இருக்கிற தொட்டிக்குத்தான் அது போகக் கூடாது. வலையும் வாளியும் தனியாக இருக்கட்டும்.

பழந்தொட்டி:
ஸ்பான்ஜ் விஷயம் முதலிலேயே சொல்லியிருந்தால் நானும் இதைத்தான் சொல்லியிருப்பேன். அந்த நீலம் போகும்வரை பெரிய தொட்டி ஸ்பான்ஜைப் போடாதீர்கள். முதலில் தண்ணீர்.

இரட்டைவால்:
இது சரி. புள்ளி மறைந்ததும் உப்பை நிறுத்திவிடாதீர்கள், இன்னும் ஒரு வாரம் பத்து நாள் போகட்டும்.

ஈரக்கை:
4 நாள் ஆகிறது. அன்று ராத்திரி இன்னொன்று போய்விட்டது. 4 இருக்கின்றன. இன்று காலை கீழே இறங்கி பிவிசி குழாய்க்குள் ஒளிந்துகொண்டன, இரை போட்டதும் வெளியே வந்தன. நன்றி அக்கா.

மோல்மேன்_அக்கா:
நல்லது தம்பி. பெரிய தொட்டியில் வேறு மீன் இருக்கிறதா? இருந்தால் அங்கேயும் வைத்தியம் பண்ண வேண்டும்.

மோல்மேன்_அக்கா:
தம்பி?