இம்பாக்ட் கன் கடகடக்கிறது, வீல் நட்டு அசையவில்லை. பெரிய கன் வாங்கணுமா?

ஸ்விஃப்ட்காரன்:
வணக்கம். 2012 ஸ்விஃப்ட் டீசல் வைத்திருக்கிறேன். டயர் மாற்றிப் போடுவது, பிரேக் பேட் மாற்றுவது எல்லாம் வீட்டு வாசலில் நானே செய்வேன். மூன்று மாதம் முன்பு ஒரு டயர் கடையில் ஏர் கன்னால் நட்டுகளை அளவில்லாமல் இறுக்கிவிட்டார்கள். போன மாதம் நெடுஞ்சாலையில் பஞ்சர். எல் ஸ்பேனர் மேல் ஏறி நின்றும் அசையவில்லை. அம்மாவும் குழந்தையும் ஒரு மணி நேரம் வெயிலில் நின்றார்கள். அந்த வேதனையில் ஆன்லைனில் நட்டை அடித்துத் திருப்பிக் கழற்றும் பேட்டரி இம்பாக்ட் கன் ஒன்று வாங்கினேன். பெட்டியில் 88 வோல்ட், முறுக்கு விசை 520 நியூட்டன் மீட்டர் என்று போட்டிருக்கிறது. இன்று பின் சக்கரத்தில் வைத்தேன். இரண்டு நட்டு வெகுநேரம் கடகடத்து வந்தன. மற்ற இரண்டும் பத்து விநாடி அடித்தும் அப்படியே இருக்கின்றன. 15,000 ரூபாய் வரை போகலாம். எதை வாங்கட்டும்?

மரைநட்டு:
இப்போதைக்குப் பணத்தை எடுக்காதீர்கள் நண்பரே. மூன்று விஷயம் சொல்லுங்கள். நட்டின் மேல் உட்காரும் சாக்கெட் நேராகக் கன்னில் மாட்டியிருக்கிறதா, நடுவில் எதையாவது வைத்தீர்களா? சாக்கெட் பளபளப்பா, கறுப்பா? பேட்டரி முழு சார்ஜா?

அந்த 88ஐ நம்ப வேண்டாம். இந்த மாதிரி கன்களின் பேட்டரிக்குள் பெரும்பாலும் 5 லித்தியம் செல்தான் வரிசையில் இருக்கும். ஒரு செல் 3.6 வோல்ட், ஐந்துக்கு 18. முழு சார்ஜில் செல்லுக்கு 4.2, மொத்தம் 21. சிலர் 20 என்று போடுவதும் இதே ஐந்து செல்தான். மல்டிமீட்டர் இருந்தால் முனைகளில் வைத்துப் பாருங்கள்.

ஸ்விஃப்ட்காரன்:
வைத்துப் பார்த்தேன் அண்ணா. 20.3 காட்டுகிறது! சாக்கெட் பழைய செட்டில் இருந்த பளபளப்பான 19 மில்லிமீட்டர், உள்ளே பன்னிரண்டு முனை. அதன் மாட்டும் துளை 3/8 அங்குலம், கன்னின் முனை 1/2 அங்குலம். அதனால் ஒரு அடாப்டரும் ஆறு அங்குல எக்ஸ்டென்ஷன் கம்பியும் போட்டேன்.

மரைநட்டு:
கோளாறு அங்கேதான். கன்னுக்குள் ஒரு சுத்தி சுற்றிச் சுற்றி வந்து அடிக்கிறது. ஒவ்வோர் அடியும் கண நேரம்தான். நடுவில் மெல்லிய எக்ஸ்டென்ஷன் இருந்தால் அது ஸ்பிரிங் மாதிரி முறுகி அடியை வாங்கிக்கொள்ளும். அடாப்டரின் ஆட்டம் மீதியைத் தின்னும். உளி மேல் துணியைச் சுற்றிவிட்டுச் சுத்தியால் அடித்துப் பாருங்கள், அதேதான் இங்கேயும்.

பளபளப்பான சாக்கெட்டை இனிமேல் கன்னில் மாட்டவே மாட்டாதீர்கள். அது கையால் திருப்புவதற்குச் செய்தது. அடி தாங்காமல் வெடித்தால் துண்டு கண்ணுக்குப் பறக்கும். 1/2 அங்குலத்தில் கறுப்பு இம்பாக்ட் சாக்கெட், ஆறு முனை, 19 அளவு, நீளமானதாக ஒன்று வாங்குங்கள். நீளமானது என்றால் எக்ஸ்டென்ஷனே வேண்டாம். பேட்டரியை முழுக்கச் சார்ஜ் போட்டுவிட்டு மறுபடி முயலுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி போட மறக்காதீர்கள்.

ஈரோடு பட்டறை:
தம்பி, வாங்குவது பற்றி நான் சொல்கிறேன். சின்னக் கார் வீல் நட்டுக்குத் தேவையான இறுக்கம் பெரும்பாலும் 85 முதல் 110 நியூட்டன் மீட்டர். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்று கையேட்டில் பாருங்கள். 60 கிலோ ஆள் அரை மீட்டர் பைப்பின் நுனியில் ஏறி நின்றால் ஏறக்குறைய 300 வந்துவிடும். அப்படி நின்றும் அசையவில்லை என்றால் டயர் கடைக்காரர் எவ்வளவு முறுக்கியிருப்பார் என்று நீங்களே கணக்குப் போடலாம்.

கன்னுக்கு இரண்டு எண் உண்டு: இறுக்கும் திறன், கழற்றும் திறன். கழற்றும் எண் பெரும்பாலும் பெரிதாக இருக்கும், பெட்டியில் அதைத்தான் பெரிய எழுத்தில் போடுவார்கள். மகிட்டா டிடிடபிள்யூ300ஐ எடுத்துக்கொண்டால் இறுக்க 330, கழற்ற 580. வீட்டுக் காருக்கு இந்த வகுப்பு போதும். முன் சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப் நட்டு வரைக்கும் கை கொடுக்கும். 1000 வகுப்புக் கன் லாரி வேலைக்கு. கனமும் அதிகம், நட்டு ஏறும் மரைக் கம்பியான ஸ்டட்டை முறித்துவிடும் பயமும் அதிகம்.

வீட்டில் ஏற்கெனவே எந்த பேட்டரிக் கருவி இருக்கிறது? அதே கம்பெனியின் கன்னைப் பேட்டரி இல்லாமல் உடலை மட்டும் வாங்கினால் செலவு நன்றாகக் குறையும். பேட்டரியும் 4 ஆம்பியர் மணி இருக்கட்டும். 2 ஆம்பியர் மணி பேட்டரியில் ஐந்து செல்லும் மொத்தச் சுமையையும் தாங்க வேண்டும், அழுத்தினால் வோல்டேஜ் சரிந்துவிடும்.

ஸ்விஃப்ட்காரன்:
நீல போஷ் 18 வோல்ட் ட்ரில் இருக்கிறது அண்ணா.

ஈரோடு பட்டறை:
அப்படியென்றால் போஷ் ஜிடிஎஸ் 18வி-400 உடல் மட்டும் பாருங்கள், இறுக்கும் திறன் 400. நீலத்துக்கு நீலம்தான் சேரும், பச்சை போஷ் பேட்டரி அதில் உட்காராது. ஆனால் அதற்கு முன்னால் ஒரு டார்க் ரென்ச், அதாவது அளவு வைத்து இறுக்கும் ஸ்பேனர், வாங்குங்கள். கழற்றுவதற்குக் கன், கடைசி இறுக்கத்துக்கு டார்க் ரென்ச். நட்டைக் கையால் நாலு சுற்று ஏற்றி, எதிரெதிராக இறுக்கி, வண்டியை இறக்கியபின் அளவு வையுங்கள். ஐம்பது நூறு கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு தடவை பாருங்கள்.

ஸ்விஃப்ட்காரன்:
நேற்று கறுப்பு சாக்கெட் வந்தது. வண்டி தரையில் இருக்கும்போதே நேராகக் கன்னில் மாட்டி வைத்தேன். மூன்றாவது நட்டு நாலு விநாடியில் வந்துவிட்டது! நாலாவதுக்குத் துரு எண்ணெய் அடித்து அரைமணி விட்டு, பவர் பார் என்ற நீளக் கைப்பிடியில் பைப் மாட்டி அழுத்தினேன். டக்கென்று ஒரு சத்தம், அசைந்தது. ஆனால் பாதிக்கு மேல் கையால் சுற்ற முடியவில்லை. கழற்றிப் பார்த்தால் ஸ்டட்டில் நடுவில் நாலைந்து மரை மட்டும் இடைவெளி அகன்று தெரிகிறது.

மரைநட்டு:
ஸ்டட் இழுபட்டுவிட்டது. அதை மறுபடி இறுக்காதீர்கள், ஓட்டத்தில் முறியும். ஸ்டட், நட்டு இரண்டையும் புதிதாகப் போடுங்கள். பக்கத்து மூன்றிலும் புது நட்டைக் கையால் சுற்றிப் பாருங்கள், இடையில் பிடித்தால் அதையும் மாற்றுங்கள்.

ஸ்விஃப்ட்காரன்:
பார்த்தேன் அண்ணா, மூன்றும் கடைசி வரை விரலாலேயே ஏறுகின்றன. நாளைக் காலை ஒரு ஸ்டட்டும் நட்டும் வாங்குகிறேன், டார்க் ரென்ச் ஆர்டர் போட்டுவிட்டேன். போஷ் உடல் ஹப் பேரிங் வேலை வரும்போது. அதுவரை வண்டி ஸ்டாண்டில்தான் நிற்கும்.